பிரீமியம் பெட்ரோல், டீசல்: கூடுதல் காசுக்கு என்ன கிடைக்கிறது?

என் சித்தப்பா நாலைந்து முறை சாதாரண பெட்ரோல் போட்டால் ஒரு முறை பிரீமியம் போடுவார். "இன்ஜினுக்கு அது மருந்து மாதிரிப்பா" என்பார். அந்த வண்டிக்கு என்ன பெட்ரோல் வேண்டும் என்று டேங்க் மூடியின் உள்பக்கத்தில் ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது. எத்தனையோ வருடம் ஓட்டியும் அவர் அதைக் கவனித்ததில்லை. ஒருநாள் நான் காட்டினேன். "அப்போ இவ்வளவு நாள் போட்டது வீணா?" என்று கேட்டார். பாதி வீண், பாதி இல்லை என்றேன். ஏன் பாதி என்று விளக்க வெகுநேரம் ஆனது. அதே குழப்பம் பலருக்கும் இருப்பதால் அந்தப் பேச்சை இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

குழப்பம் பெயரிலேயே தொடங்குகிறது. 'பிரீமியம்' என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு தனித்தனி விஷயங்களை அடைத்து விற்கிறார்கள். ஒன்று, ஆக்டேன் எண் கூடுதலாக உள்ள பெட்ரோல். மற்றொன்று, இன்ஜினின் உள்பாகங்களில் அழுக்குப் படியாமல் காக்கும் ரசாயனங்கள் கூடுதலாகச் சேர்த்த எரிபொருள். சில பிரீமியத்தில் இரண்டும் உண்டு, சிலவற்றில் ஒன்றுதான் உண்டு. டீசலுக்கு ஆக்டேன் கணக்கே இல்லை, அங்கே கதை வேறு. இவற்றைப் பிரித்துப் பார்த்தால்தான் கூடுதல் விலை நமக்குத் தேவையா என்று தெரியும்.

ஆக்டேன் எண் எதை அளக்கிறது?

பெட்ரோல் இன்ஜினின் சிலிண்டருக்குள் காற்றும் பெட்ரோலும் கலந்த கலவை இருக்கிறது. பிஸ்டன் மேலேறி அதை அழுத்துகிறது. காற்றை அழுத்தினால் சூடு ஏறும். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பாகம் சுடுகிறதே, அதே விஷயம்தான். சரியான நேரத்தில் ஸ்பார்க் பிளக் பொறி விட, தீ பிளக்கின் அருகில் தொடங்கி சீராகப் பரவி, பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது. எல்லாம் ஒழுங்காக நடந்தால் இவ்வளவுதான்.

ஆனால் தீ பரவிக்கொண்டிருக்கும்போதே, அது இன்னும் போய்ச் சேராத ஓரத்தில் கொஞ்சம் கலவை காத்திருக்கிறது. எரிந்த பகுதி விரிந்து அதை மேலும் நெருக்குகிறது. சூடும் அழுத்தமும் ஒரு எல்லையைத் தாண்டினால், தீ வந்து தொடும் முன்பே அந்த ஓரக் கலவை தானாகவே குபீரென்று பற்றிக்கொள்ளும். அந்த அதிர்வு சிலிண்டர் சுவரில் மோதி 'டிக் டிக்' என்று கேட்கும். மெக்கானிக்குகள் 'இன்ஜின் நாக் அடிக்குது' என்பது இதைத்தான். டாப் கியரில் மெதுவாகப் போய்க்கொண்டே திடீரென ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது, அல்லது பாரத்தோடு மேடு ஏறும்போது இது அதிகம் வரும். லேசாக எப்போதாவது வந்தால் பெரிய கேடில்லை. பலமாகத் தொடர்ந்து அடித்தால் பிஸ்டனின் தலை அரிக்கும், கேஸ்கெட் போகும், சில சமயம் பிஸ்டனில் ஓட்டையே விழும்.

இப்படித் தானாகப் பற்றிக்கொள்ளாமல் பெட்ரோல் எவ்வளவு தாக்குப்பிடிக்கும் என்பதன் அளவுதான் ஆக்டேன் எண். அது பெட்ரோலின் சக்தியைக் குறிப்பதில்லை, சுத்தத்தையும் குறிப்பதில்லை. பொறுமையின் அளவு என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்த அளவுகோலை 1920களில் கிரஹாம் எட்கர் என்ற அமெரிக்க வேதியியலாளர் உருவாக்கினார். நன்றாகத் தாக்குப்பிடிக்கும் ஐசோ-ஆக்டேன் என்ற பொருளுக்கு 100 என்றும், உடனே பற்றிக்கொள்ளும் ஹெப்டேனுக்கு 0 என்றும் வைத்தார். அந்தக் காலத்தில் சுத்தமான ஹெப்டேனை ஜெஃப்ரி பைன் என்ற மரத்தின் பிசினிலிருந்து வடித்தெடுத்தார்கள். உலகம் முழுக்க பங்க்குகளில் எழுதியிருக்கும் எண்ணுக்குப் பின்னால் ஒரு மரம் இருக்கிறது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்புதான். 95 ஆக்டேன் என்றால், 95 பங்கு ஐசோ-ஆக்டேனும் 5 பங்கு ஹெப்டேனும் கலந்த கலவை எவ்வளவு தாங்குமோ அவ்வளவு இந்தப் பெட்ரோலும் தாங்கும் என்று பொருள்.

ஆக்டேனைக் கூட்டுவதற்காக உலகம் கொடுத்த விலையையும் இங்கே சொல்லியாக வேண்டும். 1921இல் தாமஸ் மிட்ஜ்லி, ஈயம் கலந்த ஒரு சேர்மம் நாக்கிங்கை அடக்குகிறது என்று கண்டுபிடித்தார். மலிவாக இருந்ததால் எல்லாரும் அதைக் கலந்தார்கள். பல பத்தாண்டுகள் அந்த ஈயம் புகையோடு வெளியேறி, குழந்தைகளின் மூளையைப் பாதித்தது. கார்களுக்கு ஈயப் பெட்ரோல் விற்ற கடைசி நாடான அல்ஜீரியா அதை நிறுத்தியது 2021இல்தான். இன்று எத்தனால் போன்ற பொருள்களாலும், சுத்திகரிப்பு முறைகளாலும் ஆக்டேனைக் கூட்டுகிறார்கள்.

அதிக ஆக்டேன், அதிக பவரா?

பலரும் ஏமாறும் இடம் இது. ஒரு லிட்டர் சாதாரண பெட்ரோலும் ஒரு லிட்டர் பிரீமியம் பெட்ரோலும் எரிந்தால் கிடைக்கும் வெப்பம் ஏறக்குறைய ஒன்றுதான், லிட்டருக்கு சுமார் 32 மெகாஜூல். எத்தனாலைப் பாருங்கள். அதன் ஆக்டேன் எண் பெட்ரோலைவிட அதிகம், ஆனால் லிட்டருக்குக் கிடைக்கும் ஆற்றல் மூன்றில் ஒரு பங்கு குறைவு. ஆக்டேனுக்கும் சக்திக்கும் நேரடி உறவு இல்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

அப்படியானால் பந்தயக் கார்களுக்கு ஏன் அதிக ஆக்டேன்? இதற்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணம் 1940இல் பிரிட்டன் மீது நடந்த வான்போர். பிரிட்டிஷ் போர் விமானங்களின் மெர்லின் இன்ஜின் அதுவரை 87 ஆக்டேனில் ஓடிக்கொண்டிருந்தது. 100 ஆக்டேன் வந்ததும் அதன் பவர் கணிசமாக உயர்ந்தது. பெட்ரோலை மாற்றியதால் மட்டும் அது உயரவில்லை. புதிய பெட்ரோல் தாக்குப்பிடிக்கும் என்பதால், இன்ஜினுக்குள் காற்றைத் திணிக்கும் சூப்பர்சார்ஜரின் அழுத்தத்தைப் பொறியாளர்கள் கூட்டினார்கள். அந்தக் கூடுதல் காற்றுதான் பவரைத் தந்தது. பழைய அழுத்தத்திலேயே விட்டிருந்தால் 100 ஆக்டேன் ஊற்றியும் பெரிதாக ஒன்றும் நடந்திருக்காது.

நம் கார், பைக்குக்கும் இதே கதைதான். கலவையை அதிகம் அழுத்தும் இன்ஜின், காற்றைத் திணிக்கும் டர்போ வைத்த இன்ஜின் போன்றவை அதிக ஆக்டேனுக்கு ஏற்பவே வடிவமைக்கப்பட்டிருக்கும். மாஸ்டா நிறுவனம் தன் ஸ்கைஆக்டிவ் பெட்ரோல் இன்ஜினை ஐரோப்பாவில் 14:1 என்ற அழுத்த விகிதத்திலும் (கலவை எத்தனை மடங்கு நெருக்கப்படுகிறது என்ற அளவு), ஆக்டேன் குறைவான சாதாரண பெட்ரோல் அதிகம் போடப்படும் அமெரிக்காவில் 13:1 என்ற விகிதத்திலும் விற்றது. பெட்ரோலுக்கு ஏற்ப இன்ஜினை மாற்றினார்கள். நாமோ இன்ஜின் அப்படியே இருக்க, பெட்ரோலை மட்டும் மாற்றிவிட்டுப் பலன் எதிர்பார்க்கிறோம்.

உங்கள் வண்டி எந்த வகை?

டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். அங்கே இல்லையென்றால் வண்டியோடு வந்த கையேட்டில் இருக்கும். மூன்றில் ஒன்று எழுதியிருக்கும்.

சாதாரண பெட்ரோல் போதும் என்று இருந்தால் பிரீமியத்தின் ஆக்டேனுக்காகக் காசு கொடுக்க வேண்டாம். நான் இதைத் தயங்காமல் சொல்வேன். அமெரிக்க வாகன ஓட்டிகளின் சங்கமான ஏஏஏ, 2016இல் சாதாரண பெட்ரோலுக்காகச் செய்யப்பட்ட 4, 6, 8 சிலிண்டர் வண்டிகளில் பிரீமியம் ஊற்றிச் சோதித்தது. பவர், மைலேஜ், புகை எதிலும் சொல்லும்படி முன்னேற்றம் இல்லை. அந்நாட்டின் வர்த்தக ஆணையமான எஃப்டிசியும், கையேடு சொல்வதைவிட அதிக ஆக்டேன் போடுவதால் பெரும்பாலும் எந்தப் பலனும் இல்லை என்றே மக்களுக்கு அறிவுறுத்துகிறது. போட்டால் கெடுதல் உண்டா? அதுவும் இல்லை. அதிக ஆக்டேன் இன்ஜினைச் சூடாக்கும், வால்வைக் கெடுக்கும் என்ற பேச்சில் உண்மை கிடையாது.

பிரீமியம் 'கட்டாயம்' என்று இருந்தால் யோசிக்க ஒன்றுமில்லை, அதைத்தான் போட வேண்டும். இங்கே மிச்சம் பிடிப்பது ஆபத்து.

பிரீமியம் 'பரிந்துரைக்கப்படுகிறது' என்ற நடுவகையில்தான் நிஜமான கேள்வி எழுகிறது. இன்றைய இன்ஜின்களில் நாக் சென்சார் என்ற சின்ன உறுப்பு இருக்கிறது. நாக்கிங்கின் அதிர்வை அது உணர்ந்ததும், கம்ப்யூட்டர் பொறி விடும் நேரத்தைக் கொஞ்சம் தள்ளிப்போடும். நாக்கிங் நின்றுவிடும், ஆனால் பவரும் மைலேஜும் சற்றுக் குறையும். நல்ல பெட்ரோல் வந்தால் நேரத்தைத் திரும்ப முன்னுக்குக் கொண்டுவரும். அதனால் இந்த வகை வண்டிகளில் பிரீமியத்துக்கு உண்மையான பலன் உண்டு. எவ்வளவு என்றால், ஏஏஏ 2017இல் இப்படிப்பட்ட வண்டிகளைச் சோதித்தபோது மைலேஜ் சராசரியாக 2.7 சதவீதமும் பவர் 1.4 சதவீதமும் கூடின. விலை வித்தியாசம் பெரும்பாலும் அதைவிட அதிகம். ஆகவே தினசரி நிதானமாக ஓட்டுபவருக்கு லாபக் கணக்கு சேராது. பாரம் இழுப்பவர், மலை ஏறுபவர், கடும் வெயிலில் ஓட்டுபவர் என்றால் நான் பிரீமியம் பக்கமே சாய்வேன். அங்கே இன்ஜினின் நிம்மதிதான் முக்கியம்.

எண்ணைப் பார்க்கும்போது ஒரு எச்சரிக்கை. ஆக்டேனை ரான் (RON), மான் (MON) என்று இரண்டு விதமாக அளக்கிறார்கள். ஐரோப்பாவிலும் ஆசியாவின் பல நாடுகளிலும் ரான் எண்ணை எழுதுகிறார்கள். அமெரிக்காவில் இரண்டின் சராசரியை எழுதுகிறார்கள். அதனால் அங்கே 87 என்பது இங்கே சொல்லும் ரான் அளவில் சுமார் 91 அல்லது 92. வெளிநாட்டு வீடியோவில் '87 போதும்' என்று கேட்டுவிட்டு நம் பங்க்கில் எழுதிய எண்ணோடு ஒப்பிட்டால் கணக்கு தப்பும்.

சுத்தம் செய்யும் சேர்மானங்கள்

இங்கேதான் சித்தப்பாவின் 'மருந்து' வருகிறது. எரிபொருள் எரியும்போது கொஞ்சம் பிசுக்கும் கரியும் மிஞ்சும். அது இன்ஜெக்டரின் முனையிலும், காற்று நுழையும் வால்விலும், சிலிண்டரின் உள்ளேயும் படியும். இன்ஜெக்டர் பெட்ரோலைப் பனிபோலத் தூவ வேண்டும். முனையில் அழுக்கு சேர்ந்தால் சொட்டுசொட்டாக விழும், எரிதல் கெடும். வண்டி இழுக்காது, ஐடிலில் உதறும். இதைத் தடுக்க, சோப்பு போலச் செயல்படும் டிடர்ஜென்ட் ரசாயனங்களைச் சேர்க்கிறார்கள்.

பல கம்பெனிகளின் சாதாரண பெட்ரோல் ஒரே கிடங்கிலிருந்துகூட வரலாம். டேங்கர் லாரியில் ஏற்றும்போதுதான் ஒவ்வொரு கம்பெனியும் தன் சேர்மானத்தைக் கலக்கிறது. வேறுபாடு பெரும்பாலும் அந்தச் சில துளிகளில்தான். அந்தத் துளிகள் சாதாரண விஷயம் இல்லை. அமெரிக்காவில் 1995 முதல் எல்லா பெட்ரோலிலும் டிடர்ஜென்ட் கட்டாயம். அந்தக் குறைந்தபட்ச அளவு போதாது என்று பிஎம்டபிள்யூ, ஜெனரல் மோட்டார்ஸ், ஹோண்டா, டொயோட்டா நான்கும் சேர்ந்து 2004இல் 'டாப் டியர்' என்ற உயர்ந்த தரத்தைக் கொண்டுவந்தன. அந்தத் தரம் இல்லாத பெட்ரோல், தரமுள்ளதைவிட வால்வில் சராசரியாக 19 மடங்கு அதிக அழுக்கை விட்டது என்று ஏஏஏ 2016இல் செய்த இன்னொரு சோதனை காட்டியது.

ஆனால் கவனியுங்கள், அந்தத் தரத்துக்கும் பிரீமியத்துக்கும் முடிச்சுப் போட வேண்டியதில்லை. ஒரு கம்பெனிக்கு டாப் டியர் அங்கீகாரம் வேண்டுமென்றால் அதன் சாதாரண பெட்ரோலும் அந்தத் தரத்தில் இருந்தாக வேண்டும். ஆகவே நல்ல டிடர்ஜென்ட் உள்ள சாதாரண பெட்ரோல் கிடைக்கும் இடத்தில், சுத்தத்துக்காகப் பிரீமியம் தேவையில்லை. சாதாரணத்தில் சேர்மானம் குறைவாகவும் பிரீமியத்தில் நிறைவாகவும் உள்ள இடத்தில் மட்டும் சித்தப்பாவின் பழக்கத்துக்குப் பலன் உண்டு. நான் பாதி வீண் இல்லை என்றது இதனால்தான்.

இன்னொரு வரம்பும் உண்டு. இன்று பல கார்களில் பெட்ரோலை நேரே சிலிண்டருக்குள் தூவும் டைரக்ட் இன்ஜெக்ஷன் முறை வந்துவிட்டது. அதில் பெட்ரோல், காற்று நுழையும் வால்வைத் தொடுவதே இல்லை. தொடாத இடத்தை எந்த சோப்பும் கழுவாது. இன்ஜெக்டரின் முனையை அது காக்கும், அந்த வால்வில் சேரும் கரிக்கு வேறு வைத்தியம்தான் பார்க்க வேண்டும்.

டீசல் வேறு உலகம்

டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை மட்டும் பலமாக அழுத்தி, அது கொதிக்கும் சூட்டில் இருக்கும்போது டீசலைத் தூவுவார்கள். அது தானாகப் பற்ற வேண்டும். பெட்ரோலிடம் 'தானாகப் பற்றாதே' என்கிறோம், டீசலிடம் 'தாமதிக்காமல் பற்று' என்கிறோம். இரண்டும் நேர் எதிர். டீசல் எவ்வளவு சீக்கிரம் பற்றும் என்பதைச் சீட்டேன் எண் சொல்லும். எண் கூடினால் இன்ஜின் குளிரில் எளிதாக ஸ்டார்ட் ஆகும், கடகட சத்தம் குறையும், ஸ்டார்ட் செய்ததும் வரும் வெள்ளைப் புகை குறையும்.

இதிலும் அடிப்படை என்ன என்பதுதான் கேள்வி. ஐரோப்பியத் தரத்தில் சாதாரண டீசலுக்கே குறைந்தது 51 சீட்டேன் வேண்டும். அமெரிக்கத் தரத்தில் 40 இருந்தால் போதும். 40இல் இருந்து ஏறும்போது வித்தியாசம் காதுக்கே தெரியும். 51இல் இருந்து இன்னும் கொஞ்சம் ஏற்றினால் பெரும்பாலான ஓட்டுநர்கள் உணர மாட்டார்கள்.

என் கருத்தில் டீசலில் காசுக்கு அதிக மதிப்பு சுத்தம் செய்யும் சேர்மானத்துக்குத்தான். எல்லா இன்ஜெக்டர்களுக்கும் ஒரே பொதுக் குழாயிலிருந்து டீசல் போகும் காமன் ரெயில் இன்ஜினில் 2000 பார் (காற்று மண்டல அழுத்தத்தைப் போல சுமார் 2000 மடங்கு) அளவு அழுத்தத்தில், மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுள்ள துளைகள் வழியாக டீசல் பீச்சுகிறது. அவ்வளவு நுண்ணிய துளையில் மெல்லிய படலம் படிந்தாலே தூவல் மாறிவிடும். இன்ஜெக்டர் மாற்றுவது பெருஞ்செலவு. பிரீமியம் டீசலில் பெரும்பாலும் டிடர்ஜென்டோடு துருத் தடுப்பான், நுரை அடக்கி, உராய்வு குறைப்பான் ஆகியவையும் இருக்கும். கந்தகத்தை 10 பிபிஎம் (பத்து லட்சத்தில் 10 பங்கு) அளவுக்குக் குறைக்கும் சுத்திகரிப்பில் டீசலின் இயல்பான வழவழப்புத்தன்மையும் குறைகிறது. அதை ஈடுகட்ட எல்லா டீசலிலுமே ஓரளவு சேர்மானம் உண்டு, பிரீமியத்தில் கூடுதலாக இருக்கலாம். குறுகிய தூரமே ஓடி, இன்ஜின் முழுச் சூடு ஏறும் முன்பே நிறுத்தப்படும் டீசல் வண்டிக்கு அவ்வப்போது பிரீமியம் போடுவதை நான் ஆதரிப்பேன். நெடுஞ்சாலையில் நாள்தோறும் நீண்ட தூரம் ஓடும் வண்டிக்கு அவ்வளவு அவசியமில்லை.

கணக்குப் போட்டுப் பார்ப்பது எப்படி?

பிரீமியம் லிட்டருக்கு 10 சதவீதம் அதிக விலை என்றால், மைலேஜும் 10 சதவீதம் கூட வேண்டும். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுக்கும் வண்டி 16.5 கொடுத்தால்தான் கைக்காசு சமன். பவர், சத்தம் எல்லாம் தனி, செலவுக் கணக்கு இதுதான்.

இதை நீங்களே சோதிக்கலாம். டேங்க்கை முழுதாக நிரப்பி, கிலோமீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். வழக்கம்போல ஓட்டிவிட்டு, அதே பங்க்கில், குழாய் தானாக நிற்கும்வரை மறுபடி நிரப்புங்கள். ஓடிய தூரத்தை லிட்டரால் வகுத்தால் மைலேஜ். இப்படிச் சாதாரணத்தில் மூன்று டேங்க், பிரீமியத்தில் மூன்று டேங்க். பிரீமியத்தின் முதல் டேங்க்கைக் கணக்கில் சேர்க்காதீர்கள், பழைய பெட்ரோல் கலந்திருக்கும், இன்ஜின் கம்ப்யூட்டரும் பழக நேரம் எடுக்கும். டயரில் காற்று, ஏசி, போகும் பாதை எல்லாம் ஒன்றாக இருக்கட்டும். டேஷ்போர்டு காட்டும் மைலேஜை மட்டும் நம்ப வேண்டாம். அப்புறம், புதுசு போட்டிருக்கிறோம் என்ற நினைப்பில் நம் கால் நம்மை அறியாமல் மென்மையாகும். முடிந்தால் எதைப் போட்டோம் என்று தெரியாத இன்னொருவரை ஓட்டச் சொல்லுங்கள்.

சாதாரண பெட்ரோலுக்கான வண்டி, ஆனால் இப்போது நாக் அடிக்க ஆரம்பித்திருக்கிறது என்றால்? வருடக்கணக்கில் சிலிண்டருக்குள் கரி சேரும்போது இடம் குறுகி அழுத்தம் கூடும், கரி சூட்டையும் பிடித்துவைக்கும். அதனால் இன்ஜின் முன்பைவிட அதிக ஆக்டேன் கேட்கும். பிரீமியம் போட்டால் சத்தம் நிற்கும், அதை வைத்துச் சமாளிக்கலாம். ஆனால் ரேடியேட்டர் தண்ணீர் குறைந்திருந்தாலும், தப்பான ஸ்பார்க் பிளக் மாட்டியிருந்தாலும், பொறியின் நேரம் பிசகியிருந்தாலும், நாக் சென்சார் கெட்டிருந்தாலும் இதே சத்தம்தான் வரும். முதலில் மெக்கானிக்கிடம் காட்டி இவற்றைச் சரிபார்த்துவிடுங்கள். சித்தப்பாவின் வண்டியில் அன்று ரேடியேட்டர் மூடியைத் திறந்து பார்த்தபோது தண்ணீர் பாதிதான் இருந்தது.